வாசகர் கேள்வி பதில்: பொய் பிடிக்கும் மெஷினும் பாதுகாப்பு வேலையும்

போன இதழில், வெளிநாடுகளில் அரசாங்கப் பாதுகாப்பு வேலைகளுக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்ட ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவில் பொலிகிராப் என்ற பொய் பிடிக்கும் மெஷின் பரிசோதனையும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசை நிறையக் கிடக்கின்றன. அதனால் சமையல் குறிப்புக் கேட்டவர்களும் புலமைப்பரிசில் பற்றிக் கேட்டவர்களும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கம் முழுவதும் இதற்கே. சில கடிதங்களில் குடும்ப விஷயம் இருப்பதால் பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் அக்கா மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கே எல்லைப் பாதுகாப்பு வேலைக்கு விண்ணப்பித்தான். எழுத்துப் பரீட்சை, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் சரி. கடைசியில் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைத்து, சரிவரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏதோ கள்ளத்தனம் செய்திருப்பான் என்று அத்தான் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அக்கா எங்களுக்கு கோல் எடுத்து அழுகிறாள். மெஷின் சும்மா சொல்லுமா? (தலவாக்கலை)

பதில்: முதலில் அத்தானை மகனோடு பேசச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்த மெஷினுக்குப் பொய் என்றால் என்னவென்று தெரியாது. அது அளப்பது மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரலில் கசியும் வியர்வை, அவ்வளவுதான். நெஞ்சைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று என்று இரண்டு பட்டி கட்டுவார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கச் சுற்றுவார்களே, அதே மாதிரிப் பட்டியை மேல்கையில் சுற்றிக் காற்றடித்து, உடனே இறக்காமல் கேள்விகள் முடியும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள், கை மரத்துப்போகும். இரண்டு விரல்களில் சின்னத் தகடுகள். அசையக் கூடாது, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு கேள்வி வரும், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும், அதன் பிறகு கிட்டத்தட்ட அரை நிமிடம் யாரும் பேசமாட்டார்கள், பிறகு அடுத்த கேள்வி. அதே கேள்விகளைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு தரம் கேட்பார்கள். இதற்கு முன்னால் வெறும் பேச்சாக ஒரு விசாரணை இருக்கும், அதற்கே மணிக்கணக்காகும், அதிலேயே பிள்ளை பாதி களைத்துவிடுவான்.

இதில் பொய்யை எப்படிக் கணிக்கிறார்கள்? ஒரு வழக்கமான முறை இப்படி. "நீ போதைப்பொருள் கடத்தியிருக்கிறாயா" என்பது போன்ற உண்மையான கேள்விகளுக்கு நடுவில், "உன்னை நம்பிய ஒருவரிடம் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறாயா" என்பது போல யாருமே சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாத கேள்விகளைப் போடுவார்கள். குற்றம் செய்யாதவன் இந்த இரண்டாவது வகைக் கேள்விக்குத்தான் அதிகம் பதறுவான், குற்றம் செய்தவன் முதல் வகைக்குப் பதறுவான் என்பது அவர்கள் கணக்கு. யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைக்கு "நீ கடத்தல்காரனோடு தொடர்பு வைத்திருக்கிறாயா" என்று கேட்டால் நெஞ்சு அடிக்காதா? இதற்குத் தப்பாகப் பதில் வந்துவிட்டால் என் வேலை போய்விடுமே, அப்பா என்ன சொல்வார் என்று நினைத்தாலே வியர்த்துவிடும். மெஷினில் அந்தக் கோடும் ஒன்றுதான், உண்மையாகவே கடத்தியவனின் கோடும் ஒன்றுதான்.

உங்கள் அக்கா மகன் போன வேலை அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புப் பிரிவில்தான் என்று கடிதத்தின் மற்றப் பகுதியிலிருந்து விளங்குகிறது. அந்தப் பிரிவில் சட்டத்தை அமல்படுத்தும் வேலைக்கு வருகிற எல்லோருக்கும் பொலிகிராப் கட்டாயம் என்று 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், கடத்தல் கும்பல்கள் தங்கள் ஆட்களை உள்ளே அனுப்புகின்றன என்ற பயத்தில். அதன் பிறகு நடந்ததை அத்தானுக்குச் சொல்லுங்கள்: மூன்றில் இரண்டு பங்கு விண்ணப்பதாரிகள் அந்தப் பரிசோதனையில் நின்றுபோகிறார்கள் என்று 2017இல் அங்கே செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. அப்படியானால் வேலை கேட்டு வந்த மூன்று பேரில் இரண்டு பேர் கள்ளரா? முன்னாள் படைவீரர்களும் பல வருடம் பொலிஸில் இருந்தவர்களுமே அதில் அடிபட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு 2003இல் இந்தப் பரிசோதனை பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு வருகிறது. 10,000 பேர் வேலை செய்யும் இடத்தில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 பேரில் 8 பேரையாவது பிடிக்க வேண்டும் என்று மெஷினைக் கண்டிப்பாக வைத்தால், அந்த 8 பேரோடு சேர்ந்து கிட்டத்தட்ட 1,600 நிரபராதிகளும் மாட்டுவார்கள். அத்தனை பேரை மாட்ட வேண்டாம் என்று தளர்த்தி வைத்தால், நிரபராதிகள் 40 பேரளவில் மாட்டுவார்கள், ஆனால் 10 ஒற்றர்களில் 8 பேர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். அதுவும் மெஷினுக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுத்துப் போட்ட கணக்கு. பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களைச் சலித்தெடுக்க இதை நம்பும் அளவுக்கு இது துல்லியமானது இல்லை என்றுதான் அந்தக் குழு முடிவாக எழுதியது.

ஒரு களவு நடந்து, சந்தேகத்தில் ஐந்து பேர் இருந்து, குறிப்பிட்ட அந்தக் களவைப் பற்றிக் கேட்பது ஒரு விதம். ஒன்றுமே நடக்காமல், வந்தவன் எல்லோரையும் உட்கார வைத்து "வாழ்க்கையில் என்னென்ன செய்தாய்" என்று வலை வீசுவது வேறு விதம். இரண்டாவதில்தான் அப்பாவிகள் அதிகம் சிக்குகிறார்கள். உங்கள் பிள்ளை சிக்கியதும் அங்கேதான்.

மேல்முறையீடு செய்யவோ, மறுபரிசோதனை கேட்கவோ வழி இருக்கிறதா என்று அந்தப் பிரிவிடமே எழுத்தில் கேட்கட்டும். அங்கே ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத்தான் பரிசோதிக்கிறது. ஆனால் வேறு இடத்தில் விண்ணப்பிக்கும்போது, "முன்பு பொலிகிராப் எடுத்திருக்கிறாயா" என்று கேட்டால் மறைக்க வேண்டாம். மெஷினில் நின்றுபோவது குற்றம் இல்லை, படிவத்தில் பொய் எழுதுவது அங்கே குற்றம், 5 வருடம்வரை சிறை.

கேள்வி: யார் கண்டுபிடித்தது டீச்சர்? பாடசாலையில் கட்டுரைக்குத் தேவை. (இராகலை)

பதில்: ஒருவர் மட்டும் இல்லை மகள். பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் பரிசோதனைகள் செய்தார். 1921இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொலிஸில் இருந்த ஜோன் லார்சன் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே தாளில் தொடர்ந்து பதியும் கருவியைச் செய்தார், அவரோடு இருந்த கீலர் என்பவர் அதை மேம்படுத்தி வியாபாரமாக்கினார். 1923இல் ஒரு கொலை வழக்கில் மார்ஸ்டனின் சோதனையைச் சாட்சியமாக எடுக்க வொஷிங்டன் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கட்டுரையின் கடைசியில் இதையும் எழுது: லார்சனே பிற்காலத்தில் தன் கருவியைப் பயன்படுத்தும் விதத்தை எதிர்த்துப் பேசினார்.

கேள்வி: எனக்குச் சும்மா இருந்தாலே உள்ளங்கை நனையும். பரீட்சை எழுதும்போது தாள் ஈரமாகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் மாமா, இந்த மாதிரி வேலைக்கு நீ சரிவரமாட்டாய் என்கிறார். (லிந்துலை)

பதில்: கை வியர்ப்பது ஒரு உடல்வாகு. பொலிகிராப்பில் உங்கள் கையைப் பக்கத்து ஆளின் கையோடு ஒப்பிடமாட்டார்கள். ஒரு கேள்விக்கு உங்கள் கை எப்படி இருந்தது, அடுத்த கேள்விக்கு எப்படி மாறியது என்று உங்களை உங்களோடுதான் ஒப்பிடுவார்கள். எப்போதும் நனைந்தே இருக்கும் கை அதனால் மட்டும் தோற்காது. ஏதாவது மருந்து எடுத்தாலும், நெஞ்சு நோய், ஆஸ்துமா போன்றவை இருந்தாலும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்களே கேட்பார்கள். வியர்வை அதிகம் தொல்லை கொடுத்தால் தோல் டொக்டரிடம் காட்டுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. மாமாவின் தீர்ப்பை வைத்து விண்ணப்பம் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: இத்தனை குறை இருந்தும் பெரிய பெரிய ஒற்றர்களை இதை வைத்துத்தானே பிடித்திருப்பார்கள்? (கண்டி)

பதில்: பிடிக்கவில்லை என்பதுதான் வரலாறு.

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்று ஒருவர், சி.ஐ.ஏ.யில் பெரிய அதிகாரி. 1985இலிருந்து சோவியத் யூனியனுக்குத் தகவல் விற்றார். அவர் காட்டிக்கொடுத்ததால் சோவியத் பக்கத்தில் அமெரிக்காவுக்கு வேலை செய்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்திலேயே, 1986இல் ஒரு தரமும் 1991இல் ஒரு தரமும், அவரை இந்த மெஷினில் உட்கார வைத்தார்கள். இரண்டிலும் தேறிவிட்டார். எப்படி என்று பிறகு கேட்டபோது, நன்றாகத் தூங்கிவிட்டுப் போ, கேள்வி கேட்பவரோடு சிநேகமாக இரு என்றுதான் சோவியத்காரர்கள் தனக்குச் சொன்னதாக அவர் சொன்னார். கடைசியில் 1994இல் அவரைப் பிடிக்க உதவியது காசுக் கணக்கு. அரசாங்கச் சம்பளத்தில் இருந்த மனிதர் 5 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு வீடு வாங்கி, முழுக் காசையும் கையில் கட்டியிருந்தார்.

அனா மொன்டெஸ் என்ற பெண், அமெரிக்கப் பாதுகாப்புப் புலனாய்வில் கியூபா விவகார நிபுணர், கியூபாவுக்கே ஒற்றராக இருந்தார். 1994இல் பொலிகிராப்பில் தேறினார், 2001இல்தான் பிடிபட்டார். அதே 2001இல் பிடிபட்ட எப்.பி.ஐ. அதிகாரி ரொபர்ட் ஹன்சனுக்கோ சேவைக் காலம் முழுவதும் ஒரு தரம்கூடப் பொலிகிராப் வைக்கவில்லை. வைத்திருந்தால் பிடித்திருக்கலாமே என்று சொல்லித்தான் அதன் பிறகு எப்.பி.ஐ. இந்தப் பரிசோதனையை விரிவாக்கியது. ஏம்ஸுக்கு இரண்டு தரம் வைத்தும் பிடிபடவில்லையே என்பதை அப்போது யார் நினைத்தார்களோ தெரியாது.

பிறகு ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மெஷினின் முன்னால் உட்கார்ந்தால் மனிதர்கள் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள், அதற்காகத்தான். "இந்தக் கேள்வியில் கோடு ஏதோ மாதிரி இருக்கிறது, ஏதாவது சொல்ல மறந்துவிட்டாயா" என்று கேட்டால் போதும், பழைய கதையெல்லாம் வெளியே வரும். 1971இல் ஜனாதிபதி நிக்சன் வெள்ளை மாளிகையில் பேசிய ஒலிநாடாவில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது: இந்தக் கருவி எவ்வளவு சரியானது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆட்களை நடுங்க வைக்கும் என்பது தெரியும் என்ற கருத்தில் அவர் பேசினார்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஏதாவது களவு போனால் முனியாண்டி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். இதுவும் அப்படித்தானா டீச்சர்? (மஸ்கெலியா)

பதில்: வேலை செய்யும் விதம் அப்படியேதான். எடுத்தவனுக்குக் கை நடுங்கும், முதல் நாளே வந்து பொருளை வைத்துவிடுவான், சூடத்தின் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் எடுக்காதவளுக்கும் கை நடுங்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன். ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்க்கும்போது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு தாய் சத்தியம் பண்ண மறுத்தாள். அன்றிலிருந்து அவள்தான் கள்ளி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை அவள் பிள்ளைகள் பாடசாலைவரை சுமந்து வந்தார்கள், என் வகுப்பில்தான் இருந்தார்கள். பயத்தை வைத்து உண்மையைத் தேடுகிற எந்த முறையிலும் இப்படி ஒருத்தி நசுங்குவாள். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம்.

கேள்வி: நான் டவுனில் ஒரு கடையில் காசாளராக இருக்கிறேன். போன மாதம் கல்லாவில் 18,000 ரூபாய் குறைந்தது. முதலாளியின் மகன் போனில் ஏதோ பொய் கண்டுபிடிக்கும் செயலி இறக்கி, எங்கள் நான்கு பேரையும் விரலை வைக்கச் சொன்னார். எனக்குச் சிவப்பு வந்தது. பாதிக் காசை நான் கட்ட வேண்டும், ஒரு தாளில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (ஹட்டன்)

பதில்: கையெழுத்துப் போடாதே மகள். இதை வாசித்தவுடன் வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிடு, இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

போனில் வருகிற அந்தச் செயலிகள் வெறும் விளையாட்டு. விரலை வைத்தால் பச்சையோ சிவப்போ ஏதாவது ஒன்று வரும். நான் மேலே எழுதியது பல ஆயிரம் டொலர் பெறுமதியான கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வைத்துச் செய்கிற பரிசோதனையைப் பற்றி. அதையே நம்ப முடியாது என்று அறிவியல் கழகம் எழுதியிருக்கும்போது, போன் சிவப்பு காட்டியதற்காக 9,000 ரூபாய் கட்டச் சொல்வது அநியாயம். அமெரிக்காவில்கூட, சில விதிவிலக்குகள் தவிர, தனியார் முதலாளிகள் வேலையாட்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வைக்கக் கூடாது என்று 1988இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அரசாங்கம் மட்டும் தனக்கு விலக்கு வைத்துக்கொண்டது.

நீ செய்ய வேண்டியது: அன்றைக்குக் கல்லாவில் யார் யார் எந்த நேரம் நின்றது, சாவி யாரிடம் இருந்தது, கணக்கு எத்தனை மணிக்கு முடித்தது, யார் யார் பார்க்க எண்ணியது, எல்லாவற்றையும் ஞாபகம் இருக்கும்போதே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வை. கெமரா இருந்தால் அதைப் பார்க்கும்படி எழுத்தில் கேள். சம்பளத்தில் வெட்டினால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், அதற்குக் காசு வேண்டியதில்லை. பொலிஸுக்குப் போவோம் என்று அவர்கள் பயமுறுத்தினால் போகட்டும், உண்மையில் அது உனக்கு நல்லது. நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக்கூட அப்படியே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பயத்தில் மனிதன் எதையும் ஒத்துக்கொள்வான் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு 1895இலேயே தெரிந்திருக்கிறது. என்ன நடந்தது என்று அடுத்த மாதம் எனக்கு எழுது, மறக்காதே.

கேள்வி: வெளிநாட்டுப் பாதுகாப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவர், பொலிகிராப்பில் பாஸ் பண்ணப் பயிற்சி தருவதாகச் சொல்லி 75,000 கேட்கிறார். கொடுக்கலாமா? (பதுளை)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் வேலைக்கு அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறதா என்பதையே முதலில் விசாரியுங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய உரிமப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க அரசாங்கத்தின் இரகசிய வேலைகளுக்குப் பொதுவாக அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும், பதுளையிலிருந்து ஒரு தரகர் அனுப்பிவைக்கிற வேலை இல்லை அது. அப்புறம், மெஷினை ஏமாற்றச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே ஆபத்தான தொழில். ஒக்லஹோமாவில் முன்பு பொலிஸில் பொலிகிராப் பரிசோதகராக இருந்த ஒருவர், பிறகு அதே மெஷினை எதிர்த்துப் பேசி, அதில் தேறும் விதத்தைப் பயிற்றுவித்தார். அவரிடம் மாறுவேடத்தில் அரசாங்க ஆட்களே போய், நாங்கள் குற்றத்தை மறைக்க வேண்டும் என்று சொல்லியும் அவர் பயிற்சி கொடுத்ததால், 2015இல் இரண்டு வருடச் சிறை கிடைத்தது. 75,000 ரூபாயை வைத்து ஒரு ஆங்கில வகுப்புக்கோ கனரக வாகன லைசன்ஸுக்கோ போங்கள்.

கேள்வி: பக்கத்து நாட்டில் இதைக் கட்டாயப்படுத்தி எடுக்கலாமா? (மாத்தளை)

பதில்: கூடாது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் 2010 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் பொலிகிராப், மயக்க மருந்து கொடுத்து விசாரித்தல், மூளை அலைப் பரிசோதனை எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்து எடுத்தாலும் அந்த முடிவே சாட்சியம் ஆகாது, அதன் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட பொருளை வேண்டுமானால் சட்டப்படி முன்வைக்கலாம். அது குற்ற விசாரணை பற்றிய தீர்ப்பு. வேலைக்கு வருகிறவனின் சம்மதம் என்பது வேறு கதை, மறுத்தால் வேலை இல்லை என்றால் அவன் எங்கே மறுப்பான்?

கேள்வி: நான் ஏ.எல். முடித்து பொலிஸுக்கு விண்ணப்பம் போட இருக்கிறேன். நம் நாட்டிலும் ஆள் எடுக்கும்போது இந்த மெஷினை வைத்தால் சிபாரிசும் காசும் ஒழியும், எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன டீச்சர்? (ஹப்புத்தளை)

பதில்: தம்பி, உங்கள் நண்பர்களின் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மெஷின் வந்தால் முதலில் அடிபடுவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். சிபாரிசோடு வருகிறவன் நிம்மதியாக வருவான். தைரியமாக உட்காருவான், கேள்வி கேட்பவரின் மொழியில் சிரித்துப் பேசுவான். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, சீருடை போட்டவர் முன்னால் பாதி விளங்கும் மொழியில் "நீ யாருக்காவது உதவி செய்திருக்கிறாயா" என்று கேட்டால் மூச்சு ஒரே சீராக வருமா? அந்தக் கோட்டைப் பார்த்து என்ன எழுதுவார்கள்?

நம் பிள்ளைகள் பொய்யர் ஆவதற்கு மெஷினே தேவையில்லை, கடதாசியே போதுமாக இருக்கிறது. என்னிடம் படிவம் நிரப்ப வருகிற பிள்ளைகளின் பைலைத் திறந்தால் இதுதான் கதை. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு விதம், அதை எழுதியவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். பாடசாலைச் சான்றிதழில் டீச்சர் திருத்தி எழுதிய இன்னொரு விதம். அடையாள அட்டையில் மூன்றாவது விதம், ஆங்கில எழுத்தில் ஒரு எச் கூடவோ குறையவோ. முகவரிக்கு வீட்டு இலக்கம் இல்லை, தோட்டப் பெயரும் டிவிசன் பெயரும் மட்டும். டிவிசனுக்குத் தமிழில் ஒரு பெயர், ஒஃபிஸ் பதிவில் ஒரு பெயர். இதையெல்லாம் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, இவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும். தாத்தா காலத்துக் குடியுரிமைப் பத்திரம்வரை தேடி எடுத்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த குடியுரிமையை முழுதாகத் திருப்பிக் கொடுக்க 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. இத்தனை வருட அலைச்சலின் பயம் அந்தக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதை ஒரு பட்டியைக் கட்டி அளந்துவிட்டுப் பொய் என்று பெயர் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

சிபாரிசை ஒழிக்க வேண்டுமானால் புள்ளிப் பட்டியலை வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும். நேர்முகப் பரீட்சையில் எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்ல வேண்டும். பின்னணி விசாரணை என்றால் ஆட்களை அனுப்பி, அயலவரைக் கேட்டு, படித்த பாடசாலையைக் கேட்டு, கடனையும் சொத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். ஏம்ஸ் மாட்டியதும் அந்த மாதிரிப் பொறுமையான வேலையில்தான் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பாடசாலைச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த விண்ணப்பியுங்கள். நாளாகும், ஒரு தரத்தில் முடியாது, கொழுந்து நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மாவும் வர வேண்டியிருக்கும், ஆனாலும் செய்யுங்கள். திருத்தம் முடியாத நிலையில் விண்ணப்பிக்க நேர்ந்தால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து இணையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழுக்குப் போகும்போது தோட்ட ஒஃபிஸில் உங்கள் வீட்டுப் பதிவு எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி விளங்காவிட்டால் அண்ணனோ நண்பனோ சொன்னதை வைத்து நிரப்பாதீர்கள், விளங்கியவரிடம் கேளுங்கள். சின்ன வயதில் சண்டையில் பொலிஸுக்குப் போன கதை ஏதாவது இருந்து, அதைக் கேட்டிருந்தால், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அரச சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுத அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு சிங்களம் இல்லாமல் முடியாது, பேச மட்டும் இல்லாமல் எழுதவும் இப்போதே பழகுங்கள். அதில் ஒரு தாழ்வும் இல்லை. நேர்முகப் பரீட்சைக்குப் பிறகு காரணம் சொல்லாமல் நிராகரித்தால் சும்மா வந்துவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் புள்ளி என்ன, தெரிவானவர்களின் ஆகக் குறைந்த புள்ளி என்ன என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் பதில் சரியில்லை என்றால் தகவல் ஆணைக்குழு இருக்கிறது.

கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும் கிடைத்த பதிலையும் எனக்கு அனுப்புங்கள். மூலப் பத்திரங்களை அனுப்ப வேண்டாம், போட்டோ கொப்பி போதும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.